முகத்தில் முதுமை எழுதும் எழுத்து

சில மாதங்களுக்கு முன் உறவினர் வீட்டுக் கலியாணமொன்றிற்குச் சென்றிருந்தேன். மணமகள் ஐரோப்பிய நாட்டைச் சேர்ந்தவள். அவளுடைய தாயாரும் மணமகனின் பெரியம்மாவும் அருகருகே அமர்ந்திருந்தனர். இருவருக்கும் வயது ஐம்பத்தைந்து இருக்கும். “உங்கள் முகத்திலே ஒரு சுருக்கந்தானும் இல்லையே!” என்று வியந்தார் சம்பந்தியம்மா. “உங்கள் கன்னத்திலே ஒரு மங்குதானும் இல்லையே!” என்று பெருமூச்செறிந்தார் பெரியம்மா. மொழிபெயர்த்துக் கூறிய எனக்கோ, இருவரும் உண்மையையே பேசுகின்றனர் என்று தோன்றிற்று.

முதுமை எல்லா மாதரையும் நாடி வருவதே. ஆயினும், அது முதலில் எவ்வாசலால் நுழைகின்றது என்பது இனத்துக்கு இனம் வேறுபடும்.

நிறம் என்னும் குடை

தோலுக்கு நிறந் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை ஆக்கும் கலங்கள் கரியவர்களுக்கு மிகுதி, வெள்ளையர்க்குக் குறைவு என்று பலர் எண்ணுவர். அது தவறு. அக்கலங்களின் தொகை எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமணிகளின் பருமனும், அளவும், பரந்திருக்கும் முறையுமே வேறுபடுகின்றன. கரிய தோலில் அம்மணிகள் பெரியனவாய்த் தனித்தனியே பரந்து குடைபோல் நிற்கின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1979 ஆம் ஆண்டில் அளந்து பார்த்தபோது, கரிய மேற்றோலின் காப்பு 13.4 ஆகவும், வெண்ணிற மேற்றோலின் காப்பு 3.4 ஆகவும் இருக்கக் கண்டனர்.

சூரியனின் கழியூதாக் கதிர்கள் தோலின் உட்புறத்தே சென்று, அதனைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கின்றன. சுருக்கம் அதன் விளைவே. இக்கதிர்களுள் ஒரு பகுதி கண்ணாடியையும் ஊடுருவும். இருபத்தெட்டு ஆண்டுகள் பாரவண்டி ஓட்டிய அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012 இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. யன்னற் பக்கமாயிருந்த இடக் கன்னம் முதியவருடையதுபோல் சுருங்கித் தொங்க, வலக் கன்னம் அத்துணை கெடாதிருந்தது.

குடை மெல்லியதாயுள்ள ஐரோப்பிய மாதர்க்கு, ஆகையால், சுருக்கமே முந்தி வருகின்றது. பிரெஞ்சு மாதரையும் சீன மாதரையும் ஒப்பிட்டு 2005 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சீன மாதர்க்குச் சுருக்கம் ஏறக்குறையப் பத்தாண்டு பிந்தி வருவதாய்க் கண்டது. ஆனால் அவர்களுக்குக் கரும்புள்ளிகளே முதுமையின் பெரிய அடையாளமாம். ஆபிரிக்க வழிவந்த மாதர்க்குச் சுருக்கம் மேலும் தாழ்த்தே வரும். கன்னத்தின் சதை இறங்குதலும் சிறு கரு மருக்கள் தோன்றுதலும் அவர்களிடையே மிகுதி.

நம்மவர் நிலை இவற்றிற்கு இடைப்பட்டது. சுருக்கம் தாழ்க்கும்; ஆயின் நம் நிறக்கலங்கள் எளிதிற் சினங்கொள்வன. வெயில், கர்ப்ப காலம், ஆறிய பரு ஆகிய ஒவ்வொன்றும் கறுப்புத் தடத்தை விட்டுச் செல்லும். நிழல் தரும் குடையே கறையையும் தருகின்றது!

இவை பொது இயல்புகளே. ஓரினத்துள்ளும் ஆளுக்காள் வேற்றுமை உண்டு. புகைத்தல் எந்நிறத்தோலையும் சுருக்கும். மாதவிடாய் நின்றபின் முதல் ஐந்தாண்டுகளில், ஈஸ்திரஜன் ஓமோன் குறைவதனால், தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 வீதம் குறைந்துவிடுகின்றது.

பூச்சு தரும் ஏமாற்றம்

கலியாணத்தின் பின் பெரியம்மா, சிவப்பழகு தருமென்று சொல்லப்பட்ட ஒரு பூச்சை வாங்கிப் பூசினார். முதல் மாதம் முகம் வெளுத்தது, மகிழ்ந்தார். மூன்றாம் மாதம் தோல் மெலிந்து, சிவந்து, எரியத் தொடங்கிற்று. விட்டபோது மங்கு முன்னிலும் கறுத்து மீண்டது. வைத்தியர் புட்டியைப் பார்த்தார். அதிலே சேர்மானங்களின் பெயர் ஒன்றேனும் இல்லை.

இத்தகைய பூச்சுகள் சிலவற்றில் ஸ்டீரொயிட்டு மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலிவிக்கும். சிலவற்றிற் பாதரசம் இருக்கும். அது மெலனின் ஆக்கத்தைத் தடுப்பது மெய்யே. ஆனால் உடம்பினுட் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதனாலன்றோ 2013 இல் உலக நாடுகள் கூடிய மினமாத்தா உடன்படிக்கை பாதரசப் பூச்சுகளை விலக்கத் தீர்மானித்தது! இயற்கை தந்த குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பது அறிவாகுமா?

மங்குக்கு மருந்து வேண்டின் தோல் வைத்தியரை நாடுக. நாள்தோறும் செய்யத்தக்கது எளிது: உச்சி வெயிலிற் குடை பிடித்தல், சூரியக் காப்புப் பூச்சை ஒழுங்காய்ப் பூசுதல், அடுப்படியிற் புகைபோக வழி வைத்தல்.

பெரியம்மா இப்போது குடையின்றிக் கோயிலுக்கும் போவதில்லை. சென்ற கிழமை தம் பேர்த்தியின் கையிலும் ஒரு குடையைக் கொடுத்து, “உன் நிறத்தை மாற்ற அன்று மோனை, காக்க” என்றாராம்.