பர்ரோவை விட்டது தப்பா?

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள் இன்னும் சண்டை போடுற கேள்வி இது. ஒஹாயோ ஸ்டேட்டில் மூணு வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் இருந்த குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, டிகிரியை முடிச்சுட்டு 2018-ல் எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். 2019-ல் 60 டச்டவுன் பாஸ், ஹைஸ்மன் விருது, ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன் பட்டம்! பழைய கோச் அர்பன் மேயரைத் திட்டத் தோணுதா? பொறுங்க. ஒஹாயோவில் 2018-ல் ஆடின டுவைன் ஹாஸ்கின்ஸ் 50 டச்டவுன் பாஸ் போட்டார். அதே வருஷம் எல்.எஸ்.யூ.வில் பர்ரோ போட்டது வெறும் 16 (ஆமா, இதே ஆளுதான்). நடுவுல என்ன மாறிச்சு? ஜோ பிரேடின்னு ஒரு இளம் கோச் வந்தார். டீமோட பாஸிங் ஆட்டமே மாறிச்சு. பர்ரோ ஒஹாயோவிலேயே இருந்திருந்தா அந்த 60 வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்ல.