பெரிய காமிராவா, சட்டைப்பை காமிராவா?

போனஸ் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

(நமது மும்பை பகுதி நேர நிருபர்)

மும்பை கோட்டைப் பகுதியில் போரா பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அந்தத் தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும் காமிராக் கடைகள் நிறைய உள்ளன. புதியது, பழையது, லென்சு, பிளாஷ், தோள்பை, ரிப்பேர் என்று காமிரா சம்பந்தப்பட்ட எல்லாமே அங்கே கிடைக்கும்.

தீபாவளி நெருங்கினால் அந்தத் தெருவில் தமிழும் காதில் விழும். தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் என்று பல இடங்களில் இருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பெரிசா, லென்சு மாட்டுற டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா? இல்லே, பாக்கெட்டுல போடுற சின்னதே போதுமா?"

சாதாரணக் கேள்வி அல்ல இது. ரெயில்வே ஊழியர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாக 78 நாள் சம்பளம் போனசாகக் கிடைக்கிறது. அதிகபட்சம் 17,951 ரூபாய். அந்தப் பணத்துக்குள் புதிய டி.எஸ்.எல்.ஆர். வராது. மேலே கடன் வாங்க வேண்டும். அல்லது சீட்டு எடுக்க வேண்டும். பள்ளிக் கட்டணம், ஊருக்கு டிக்கெட், பெற்றோருக்குத் துணிமணி எல்லாம் அதே பணத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைவது நல்லது.

கண்ணாடி செய்யும் வேலை

டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்சுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்சு வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சென்சாரில் வெளிச்சம் விழும். "டக்" என்று சத்தம் கேட்பது இதனால்தான்.

பார்ப்பதற்குத் திரை தேவையில்லை என்பதால் பாட்டரி நெடுநேரம் தாங்கும். 2018-ம் ஆண்டு வந்த நிக்கான் டி3500 காமிரா ஒரு சார்ஜில் 1,550 படங்கள் எடுக்கும் என்று அந்தக் கம்பெனி கணக்குச் சொன்னது. ஒரு முழுக் கல்யாணத்துக்குக் காணும்.

சட்டைப்பை காமிராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்சைக் கழற்ற முடியாது. பெரும்பாலும் பின்பக்கத் திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். 2000-ம் ஆண்டில் கேனான் கம்பெனி டிஜிட்டல் இக்சஸ் காமிராவை வெளியிட்டது. 2002-ல் கேசியோ கம்பெனி எக்சிலிம் என்ற பெயரில் 11.3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள காமிராவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மினோல்டா கம்பெனி, உள்ளே ஒரு பட்டகத்தை வைத்து வெளிச்சத்தை 90 டிகிரி திருப்பி, லென்சு வெளியே நீளாத காமிராவைத் தயாரித்தது. அடக்கம்தான் இந்த ஜாதிக் காமிராக்களின் பெருமை.

அண்டாவும் டம்ளரும்

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் சென்சாரில்தான் இருக்கிறது. வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு அது. அந்தக் காலத்துப் பிலிமின் வேலையை இப்போது அது செய்கிறது.

சாதாரண சட்டைப்பை காமிராவில் அதன் அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கேனான் கம்பெனியின் தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் சுமார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறக்குறைய 12 மடங்கு. முழு அளவு சென்சார் எனப்படும் 36-க்கு 24 மில்லிமீட்டர் என்றால் 30 மடங்குக்கு மேல்.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். பெருமழை என்றால் இரண்டுமே நிறைந்துவிடும். தூறல் என்றால்? அண்டாவில் குடிக்கத் தண்ணீர் சேரும். டம்ளரில் அடி நனையும். வெளிச்சமும் அப்படித்தான். நல்ல வெயிலில் இரண்டு காமிராவும் அழகாகவே எடுக்கும். மாலை மயங்கிய பிறகு, வீட்டுக்குள், கோவில் பிராகாரத்தில், இரவு சாமி ஊர்வலத்தில் சின்னது திணறும்.

பொங்கல் அன்று தாராவி 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அந்தக் காட்சியைப் பகல் வெளிச்சத்தில் எந்தக் காமிராவில் எடுத்தாலும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும். அதே சாலையில் இரவில் எடுத்துப் பாருங்கள். அப்போது தெரியும் அண்டாவின் அருமை.

பாட்டியின் படம்

சயான் கோலிவாடாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. வீட்டில் டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று இருந்தது. மகன் வேலைக்குச் சேர்ந்து முதல் ஆண்டு வாங்கியது. குழந்தைகள் தொட்டுவிடுவார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். திருமணம், காதுகுத்து என்றால் மட்டும் வெளியே வரும்.

அந்த வீட்டுப் பாட்டி ஒரு நாள் மாலை வாசல் படியில் உட்கார்ந்து, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். அப்போது பேரன் கையில் இருந்தது ஒரு சட்டைப்பை காமிரா. சட்டென்று எடுத்துவிட்டான். நாலு மாதத்தில் பாட்டி இறந்துபோனார். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் தேடியபோது, பீரோக் காமிராவில் பாட்டி விறைப்பாக நிற்கும் கல்யாண குரூப் போட்டோக்கள்தான் இருந்தன. வாசல் படிச் சிரிப்பு ஒன்றே ஒன்றுதான்.

அதையே 10-க்கு 12 அங்குலத்தில் பெரிதாக்கக் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், சுமார் 1 கோடியே 8 லட்சம் புள்ளிகள் வேண்டும். காமிராவோ 1 கோடியே 20 லட்சம் புள்ளி. கணக்குப்படி போதும். ஆனால் படம் மங்கலான டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. பெரிதாக்கியபோது கன்னத்துச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகு பூசியது போல வழவழவென்று கரைந்துவிட்டன. வெளிச்சம் குறையும்போது படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் வரும். அவற்றை அழிக்கப்போய் காமிராவே முகத்தின் நுணுக்கங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

கடைசியில் 5-க்கு 7 அங்குலத்தில் சின்னதாகப் போட்டு மாட்டினார்கள். இன்றும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இந்த ஒரு படத்திலேயே இரண்டு காமிராக்களின் கதையும் அடங்கியிருக்கிறது. பெரியது கையில் இருந்திருந்தால் முகம் தெளிவாக வந்திருக்கும். ஆனால் அது பீரோவில் இருந்தது. சின்னது கையில் இருந்ததால்தான் படமே கிடைத்தது.

மெகாபிக்சல் மாயை

கடைக்காரர்கள் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஏ4 தாள் அளவுக்கு 9 மெகாபிக்சல் போதும். அதற்கு மேல் உள்ள எண்ணுக்காக அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பாட்டியின் படத்தில் குறைந்தது புள்ளி அல்ல, வெளிச்சம்.

ஜூமிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லென்சே நகர்ந்து தூரத்தை அருகே கொண்டுவருவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் வந்த பிறகு

முதல் டிஜிட்டல் காமிராவை 1975-ம் ஆண்டு கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படம் காசெட்டில் பதிவாக 23 வினாடி பிடித்தது. அந்தக் கோடக் கம்பெனியே டிஜிட்டல் வெள்ளத்தில் தடுமாறி 2012-ல் திவால் மனு கொடுத்தது.

2010-ம் ஆண்டில் ஜப்பான் கம்பெனிகள் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் காமிராக்களை விற்பனைக்கு அனுப்பின. பெரும்பகுதி லென்சைக் கழற்ற முடியாத காமிராக்களே. 2023-ல் மொத்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சின்னக் காமிராவின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. விலை உயர்ந்த செல்போன்களில் சென்சாரும் பழைய சட்டைப்பை காமிராவைவிடப் பெரிதாகவே உள்ளது.

இருந்தாலும் சின்னக் காமிராவுக்கு இப்போது மறுபடியும் ஒரு மவுசு பிறந்திருக்கிறது. கல்லூரி மாணவ, மாணவிகள் பழையதைத் தேடி வாங்குகிறார்கள். கேனான் கம்பெனி 2016-ல் விட்ட ஒரு சின்ன மாடலையே 2025-ல் சிறு மாற்றத்துடன் மீண்டும் கொண்டுவந்தது. நல்ல செல்போன் கையில் இருப்பவர்கள் இந்த மவுசைப் பார்த்து மயங்க வேண்டாம். உண்மையான ஜூமும், பளிச்சென்று அடிக்கும் பிளாஷும் வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மும்பைவாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லோக்கல் ரெயில் வாசலில் நின்று செல்போனில் படம் எடுப்பவர்களின் கையில், தண்டவாளத்து ஓரம் நின்று கம்பால் அடித்துப் போனைப் பறிக்கும் கும்பல் உண்டு. 'பட்கா' கும்பல் என்று இதைச் சொல்வார்கள். போனோடு போவது படம் மட்டும் அல்ல. பலர் கை, காலையும் இழந்திருக்கிறார்கள். எந்தக் காமிரா என்றாலும் ஓடும் ரெயிலின் வாசல் படம் எடுக்கும் இடம் அல்ல.

பிழைப்புக்கு என்றால்...

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சட்டைப்பை காமிரா உதவாது. மண்டபத்து விளக்கில் தாலி கட்டும் ஒரு வினாடியை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. அந்த வினாடி திரும்ப வராது.

அதற்காகக் கடன் வாங்கி விலை உயர்ந்த காமிராவில் தொடங்கவும் வேண்டாம். பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும், விலை குறைந்த 50 மில்லிமீட்டர் எப் 1.8 லென்சு ஒன்றும் இருந்தால் தொழில் பழகலாம். அந்த லென்சின் வாய் அகலம். குறைந்த வெளிச்சத்திலும் முகம் தெளிவாக வரும். ஓராண்டு ஒரு ஸ்டூடியோக்காரரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, சம்பாதித்த பணத்தில் அடுத்ததை வாங்குவதே பத்திரம்.

டி.எஸ்.எல்.ஆர். காலமும் முடிந்துகொண்டு வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சோனி 2021-ல் அந்த வகையை நிறுத்திவிட்டது. கேனான், நிக்கான் இரண்டின் உச்ச நிலை டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களும் கடைசியாக வந்தது 2020-ல். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் காமிராக்களே இப்போது முன்னணியில் உள்ளன. இதில் ஏழைக்கு ஒரு லாபமும் உண்டு. வசதி உள்ளவர்கள் மிரர்லெசுக்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களும் லென்சுகளும் பழைய விலைக்கு வருகின்றன.

பழையது வாங்கும்போது

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். ஸ்கூட்டருக்கு ஓடிய கிலோ மீட்டர் போல இதற்கும் கணக்கு உண்டு. தொடக்க நிலைக் காமிராக்களின் ஷட்டர் சுமார் 1 லட்சம் படம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. 80 ஆயிரம் தாண்டியதை விலை குறைத்துக் கேளுங்கள்.

லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சைக் காளான். வாங்கவே வேண்டாம்.

புதியது என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். டிஜிட்டல் காமிராவுக்கு 2019 ஜனவரி 1 முதல் சரக்கு, சேவை வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்கினால் உத்தரவாதம் கிடைக்காது.

மும்பை மழைக்காலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். காமிராவைத் தோல் உறையிலோ துணி பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். காமிராவுக்கும் நல்லது, உங்களுக்கும் பழக்கம் விடாது.

எது உங்களுக்கு?

வீட்டு நிகழ்ச்சி, பிள்ளைகள், ஊர்ப் பயணம் இவைதான் தேவை என்றால், கையில் உள்ள நல்ல செல்போன் போதும். போன் சரியில்லை, ஜூம் வேண்டும் என்றால் சட்டைப்பை காமிரா. தினமும் எடுத்துப் பழகப் பொறுமை உண்டு, அல்லது அதுதான் பிழைப்பு என்றால் பழைய டி.எஸ்.எல்.ஆர். முக்கால் கிலோ எடையைக் காலை நேர லோக்கலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போக மனம் ஒப்புமா என்று ஒரு நாள் யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த நிருபர் பகலில் ரெயில்வே கிளார்க். வேலை முடிந்த பிறகே செய்தி சேகரிப்பு. தினமும் தோளில் பெரிய காமிராவைச் சுமந்து அலுவலகம் போக முடியாது. சட்டைப்பையில் இருப்பதே உதவுகிறது. பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்துக்கு அது தாராளம். கோவில் விழா, இரவு நிகழ்ச்சி என்று முன்கூட்டியே தெரிந்தால், பெரிய காமிரா உள்ள நண்பரை உடன் அழைத்துக்கொள்வது வழக்கம்.

எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள். எடுத்த படங்களை மெமரி கார்டிலேயே விட்டுவிடாமல், வேறு ஓர் இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள். நல்லதாக நாலைந்தைப் பிரிண்டு போடுங்கள். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கும் ஆச்சிக்கும் செல்போன் திரையைவிடக் கையில் பிடிக்கும் படமே பெரிது. அடுத்த முறை நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறும்போது பெட்டியில் அந்த உறையும் இருக்கட்டும்.