ஆர்ட்டிசோக்: உணவா, மருந்தா?

பேரங்காடியின் காய்கறிப் பகுதியில், தாமரை மொட்டைப் போல அடுக்கடுக்கான தடித்த இதழ்களுடன் பச்சை நிறத்தில் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆர்ட்டிசோக். தமிழில் கூனைப்பூ என்றும் எழுதுகிறார்கள். உண்மையில் அது காயல்ல, மலராத மொட்டு. சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தாலி போன்ற மத்தியதரைக் கடல் நாடுகளில் விரும்பி உண்ணப்படுகிறது. நமக்கு அருகில், வியட்நாமின் டா லாட் மலைப்பகுதியிலும் விளைகிறது. அங்கே சுற்றுலா சென்று வருவோர் ஆர்ட்டிசோக் தேநீர்ப் பொட்டலங்களை வாங்கி வருவதுண்டு.

"கல்லீரலைச் சுத்தம் செய்யும், கொலஸ்ட்ராலைக் கரைக்கும்" என்று சொல்லித்தான் அதைக் குடிக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

முதலில் உணவாகப் பார்ப்போம். வேகவைத்த நடுத்தர ஆர்ட்டிசோக் ஒன்றில், அதாவது சுமார் 120 கிராமில், ஏறக்குறைய 64 கலோரியும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆக, ஒரே மொட்டில் கால் பங்குக்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஃபோலேட், வைட்டமின் சி, மெக்னீசியம் ஆகியவையும் உண்டு. இதிலுள்ள இனுலின் என்னும் நார்ச்சத்து, குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது. பழக்கமில்லாதவர்களுக்கு வயிறு உப்பலாம். கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது.

அடுத்து, மருந்தாக. 2013ஆம் ஆண்டின் கோக்ரேன் மதிப்பாய்வு, மொத்தம் 262 பேர் பங்கேற்ற 3 ஆய்வுகளை அலசியது. ஆர்ட்டிசோக் இலைச் சாறு கொலஸ்ட்ராலை ஓரளவு குறைக்கக்கூடும். ஆனால் சான்று போதாது என்பதே அதன் முடிவு. அதுவும் செறிவான சாற்றைப் பற்றியது. நாம் குடிக்கும் தேநீரைப் பற்றியதல்ல. கொலஸ்ட்ரால் கூடினால் வலிக்காது, காய்ச்சல் வராது. எனவே தேநீரை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்கு, மாரடைப்பு வரும்வரை ஒன்றும் தெரியாமலே போகலாம். தேநீர் குடியுங்கள், மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பித்தப்பையில் கல் உள்ளவர்களும் சாமந்தி வகைப் பூக்களால் ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதன் பக்கம் போக வேண்டாம்.

சமைப்பது எப்படி? கனமான, இதழ்கள் இறுக்கமாக மூடிய மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். காம்பையும் நுனியில் மூன்றில் ஒரு பங்கையும் வெட்டி, இதழ் முனையிலுள்ள முட்களைக் கத்தரியுங்கள். வெட்டிய இடம் கறுக்காமலிருக்க எலுமிச்சம்பழம் தேயுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், நிறம் மாறிவிடும். எவர்சில்வர் இட்லிப் பானையில் 30 முதல் 40 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். நடு இதழ் இழுத்தவுடன் கழன்று வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

முருங்கைக்காய் சாப்பிடுவது போலத்தான். இதழின் அடிச்சதையைப் பல்லால் வழித்து உண்டு, சக்கையை ஒதுக்கிவிடுங்கள். நடுவிலுள்ள பஞ்சு போன்ற நார் தொண்டையில் சிக்கும்; கரண்டியால் சுரண்டி எறியுங்கள். அதன் கீழே இருக்கும் மெத்தென்ற பகுதிதான் சுவையானது. மிளகும் பூண்டும் சேர்த்து உண்ணலாம். பிறகு தண்ணீர் குடித்தால், நெல்லிக்காய் தின்ற பின் இனிப்பது போலச் சிலருக்கு இனிக்கும்.

உப்புநீரில் அடைத்த டின் வகையை வாங்கினால் நன்கு அலசிப் பயன்படுத்துங்கள். ஆர்ட்டிசோக் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். நம்மூர் வாழைப்பூவிலும் நார்ச்சத்து உண்டு.