கிளட்ச் பிடித்தபின் கியர்பாக்ஸுக்குள் நடப்பது என்ன?

மோட்டார் சைக்கிளில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நின்று, வேண்டும்போது இரண்டையும் சேர்த்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பு கிளட்ச். பெட்ரோல் என்ஜின் அசையாமல் இருந்துகொண்டு சுமையை இழுக்கத் தொடங்க முடியாது. 100 சிசி வண்டியின் என்ஜின் அணையாமல் இருக்கவே நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுற்ற வேண்டும். அதே நேரத்தில் சக்கரம் நிற்கவும் வேண்டும். பொதட்டூர்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பழைய வகை விசைத்தறிகள் பலவற்றில் நூல் அறுந்தால் மோட்டாரை அணைக்க மாட்டார்கள். கைப்பிடியைத் தள்ளினால் பெல்ட், வெறுமனே சுற்றும் புல்லிக்கு நகர்ந்துவிடும். மோட்டார் ஓட, தறி மட்டும் நிற்கும்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். முதல் வகை என்ஜினோடு சுற்றும். இரண்டாம் வகை கியர்பாக்ஸின் தண்டோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருப்பதால் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. லிவரைப் பிடித்ததும் பிரஷர் பிளேட் விலகி, தட்டுகள் தளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன.

கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் பிரிந்து மறுபடி கோத்துக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லா ஜோடிகளும் எப்போதும் கோத்தபடியே இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் தன் தண்டின்மேல் சும்மா சுற்றும். காலால் லிவரை மிதிக்கும்போது உள்ளே கவைபோன்ற ஒரு கம்பி, பக்கத்துச் சக்கரத்தை நகர்த்துகிறது. அதன் பக்கவாட்டில் உள்ள கட்டைகள் சும்மா சுற்றும் சக்கரத்தின் பள்ளங்களில் போய் மாட்டினால், அந்த கியர் விழுந்ததாகப் பொருள்.

என்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும், எளிதில் கழலாது. கிளட்ச்சைப் பிடிப்பது இந்த நெருக்கத்தைப் போக்கத்தான். பழகிய ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடித் திறந்து, கிளட்ச் இல்லாமலே மேல் கியர் போடுவதும் இதே காரணத்தால்தான். நெருக்கம் நீங்கிய கணத்தில் கட்டைகள் விலகிக்கொள்கின்றன. கணம் தவறினால் அவற்றின் முனை மழுங்கும். பின்னாளில் கியர் தானாக நழுவும்.

மேல் கியருக்குப் போகையில் வரிசை முக்கியம்: ஆக்சிலரேட்டரைக் குறைத்து, கிளட்ச்சைப் பிடித்து, கியரை முழுதாகப் போட்டு, கிளட்ச்சை விட்டபடியே ஆக்சிலரேட்டரைத் திறக்க வேண்டும். முதல் கியரின் விகிதம் 3, இரண்டாவதன் விகிதம் 2 என்று வைத்துக்கொண்டால், வண்டியின் வேகம் மாறாதபோது நிமிடத்துக்கு 4,500 சுற்றில் இருந்த என்ஜின் 3,000-க்கு இறங்க வேண்டும். அந்த இடைவெளியைத் தட்டுகளின் வழுக்கல் ஈடுகட்டுகிறது.

கீழ் கியருக்கு இறங்கும்போது கணக்கு தலைகீழ்: 3,000 சுற்று 4,500 ஆக ஏற வேண்டும். கிளட்ச்சைப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரைச் சற்றே கொடுத்துவிட்டு லிவரை விட்டால் வண்டி உலுக்காது. அப்படிச் செய்யாவிட்டால் என்ஜினை முடுக்கும் வேலை பின்சக்கரத்தின் தலையில் விழும். மழைச் சாலையில் டயர் வழுக்கவும் செய்யும். புதிய வண்டிகள் சிலவற்றில் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச், இப்படிப் பின்னாலிருந்து வரும் விசையைக் கண்டதும் தட்டுகளைத் தானே சற்றுத் தளர்த்திவிடும்.

சென்னை திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு இருந்தது. முதல் கியருக்கு லிவரை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றும் கீழே. கியர்பாக்ஸ் என்ஜினோடு சேராமல் தனியாக இருந்தது. கூடவே ஒரு சிறு நியூட்ரல் லிவரும் உண்டு. கிளட்ச்சைப் பிடித்து அதை மிதித்தால், முதல் கியர் தவிர மற்றவற்றிலிருந்து நேரே நியூட்ரலுக்கு வந்துவிடலாம்.

சுந்தரம்-கிளேட்டன் ஓசூரிலிருந்து 1980-ல் அறிமுகப்படுத்திய டிவிஎஸ் 50-ல் கிளட்ச்சைக் கையால் இயக்கும் வேலையே இல்லை. என்ஜினின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் உள்ளே உள்ள கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பற்றிக்கொள்ளும்; வேகம் குறைந்தால் தானே விட்டுவிடும்.

கிளட்ச் பிளேட் தேய முக்கியக் காரணம் வழுக்கலின் வெப்பம். மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திவைப்பது, லிவரில் எப்போதும் விரலை அழுத்தியபடி ஓட்டுவது, பாவு மூட்டையை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் கிளம்புவது ஆகிய மூன்றும் அந்த வெப்பத்தைக் கூட்டுகின்றன. என்ஜினும் கிளட்ச்சும் ஒரே எண்ணெயில் இயங்கும் வண்டிக்கு, ஜாசோ எம்ஏ என்று குறித்த மோட்டார் சைக்கிள் ஆயிலையே ஊற்ற வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருப்பதால் தட்டுகள் வழுக்கும்.

கோளாறு எங்கே என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் முழுதாகப் பிடிக்கவில்லை: கேபிளில் இருக்க வேண்டிய சிறு தளர்ச்சி இல்லை, அல்லது தட்டுகள் தேய்ந்துவிட்டன. லிவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே ஊர்ந்தாலோ, நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மறுத்தாலோ, கிளட்ச் முழுதாக விடவில்லை: கேபிள் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கும், அல்லது தட்டுகள் கோணியிருக்கும்.