வாளுக்கு எதிரே ஒரு புத்தகம்!

ஜெர்மனியில் புல்டா என்று ஒரு நகரம். அங்கே ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. அதன் ஏடுகளில் ஆழமான வெட்டுகள்!

அது யாருடைய புத்தகம்?

போனிபாஸ் என்ற துறவியுடையது என்கிறார்கள். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். 716-ம் ஆண்டில் கடல் கடந்து பிரீசியாவுக்குப் போனார். அது இன்றைய நெதர்லாந்தில் உள்ள பகுதி. அவருடைய போதனை அங்கே எடுபடவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

719-ல் போப்பாண்டவர் 2-ம் கிரகோரி அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே பல மடங்களும் கோவில்களும் எழக் காரணமானார். பேராயர் பதவியும் கிடைத்தது.

வயது எண்பதை நெருங்கியது. மற்றவர்கள் ஓய்வு தேடும் வயது! அவரோ, தோற்றுப்போன பிரீசியாவுக்கே மறுபடி புறப்பட்டார்.

754-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி. டொக்கும் என்ற இடத்தில் கூடாரம் போட்டிருந்தார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை எதிர்பார்த்திருந்தார். வந்தவர்களோ ஆயுதம் தாங்கிய கொள்ளைக்காரர்கள்!

உடன் இருந்தவர்கள் ஆயுதம் எடுத்தனர். "சண்டை வேண்டாம்" என்று தடுத்தார் பெரியவர். வாள் பாய்ந்தபோது கையில் இருந்த புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரும் தோழர்களும் வெட்டுண்டு மாண்டனர்.

கொள்ளைக்காரர்கள் பெட்டிகளை உடைத்தார்கள். பொன் இல்லை, உள்ளே இருந்தவை புத்தகங்கள்!

அவர் உடல் புல்டாவில் அடக்கம் செய்யப்பட்டது. ஜூன் 5 அவருடைய திருநாள்.

டொக்கும் ஊரிலும் இன்று அவர் பெயரில் ஒரு கோவில் இருக்கிறது. அன்று அவர் பேச்சைக் கேளாத மண்ணுக்கு, இன்று யாத்திரிகர்கள் அவரை நினைத்து வருகிறார்கள்.