அரைத் துளி நீரில் உப்பும் புட்சி

பிலிப்பைன்ஸ் நாட்டில் 'புட்சி' என்றொரு பலகாரம் உண்டு. ஒட்டரிசி மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நடுவில் பாசிப்பருப்புப் பூரணமோ, தாமரை விதைப் பூரணமோ, 'ஊபே' எனப்படும் ஊதாக் கிழங்கின் களியோ வைத்து மூடி, எள்ளில் புரட்டிப் பொரித்தெடுப்பார்கள். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து பல்லோடு இழுபடும் சவ்வான உட்சுவர், பிறகு ஒரு வெற்றிடம். பூரணம் அதன் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். இந்த மாவில் ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, கோதுமையின் பசைப் புரதமும் கிடையாது. பிறகு எப்படி உப்புகிறது? நீராவியால் என்பது எளிய விடை. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். எந்த மாவைப் பிசைந்து எண்ணெயில் போட்டாலும் நீராவி உண்டாகும். அதைப் பிடித்து நிறுத்தி, தானும் கிழியாமல் நீளும் சுவர்தான் எல்லா மாவிலும் அமைவதில்லை. புட்சியின் உப்பலுக்கு அந்தச் சுவரே காரணம். சுவருக்குக் காரணம் ஒருவகை அரிசியின் மாவுச்சத்து. அடுப்படியில் நிற்பவரின் கைத்திறனெல்லாம், சுவர் நீளக்கூடிய சில நிமிடங்களைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதில் அடங்கியிருக்கிறது.

பலகாரத்தின் பூர்வீகம் சீனா. தாங் அரச மரபின் காலத்திலேயே அங்கே இதன் முன்னோடி இருந்தது. வணிகர்களோடும் குடியேறிகளோடும் தெற்கே வந்தது. அவர்கள் குடியேறிய மணிலாவின் பினோண்டோ பகுதி, 1594-இல் சீனக் கிறித்தவர்களுக்காக ஸ்பானிய ஆட்சியாளர்கள் அமைத்த குடியிருப்பு. உலகின் மிகப் பழைய சீன நகர்ப்பகுதி என்று அதைச் சொல்வார்கள். 1985-இல் தொடங்கப்பட்ட சௌகிங் உணவகங்கள் வழியாகப் புட்சி இன்று அந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதன் உறவினர்கள் இந்தோனேசியாவில் ஒண்டே-ஒண்டே, மலேசியாவில் குவே போம், வட வியட்நாமில் பான் ரான். அந்த வியட்நாம் வகையில், உருண்டையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பூரணம் உருள்வது தெரியவேண்டும் என்பதே பக்குவத்துக்கு அடையாளம். நாடு மாறினால் பூரணம் மாறுகிறது, சர்க்கரை மாறுகிறது, எண்ணெய் மாறுகிறது. மேல்மாவுக்கு அடிப்படை மட்டும் எங்கும் ஒட்டரிசிதான். இத்தனை கைகள் மாறியும் அது மட்டும் மாறவில்லை என்றால் அதைப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

உப்பலுக்கு எவ்வளவு நீராவி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் மாவுக்குள் 10 கிராம் பூரணம் வைத்து உருட்டினால் விட்டம் ஏறத்தாழ 3.6 செ.மீ. வரும். பொரிந்து முடிந்ததும் அது 5 செ.மீ. ஆகிறது என்று கொள்வோம். கன அளவு 24 மில்லிலிட்டரிலிருந்து 65 மில்லிலிட்டராகிறது. உள்ளே புதிதாகத் திறந்த இடம் சுமார் 41 மில்லிலிட்டர். 100 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீராவியின் எடை 0.6 கிராம்தான். ஆகவே அந்த இடத்தை நிரப்ப 0.025 கிராம் நீர் போதும். சொட்டுக் கணக்கில் அரைத் துளி. பிசைந்த மாவிலோ 9 கிராம் நீர் இருக்கிறது. தேவைக்கு முந்நூறு மடங்குக்கும் மேல். பொரியும்போது உருண்டையைச் சுற்றிக் கொதிக்கும் குமிழ்களைப் பார்த்தாலே, உள்ளிருக்கும் ஆவியில் எவ்வளவு வெளியே ஓடுகிறது என்பது விளங்கும். ஆவிக்குப் பஞ்சமே இல்லை. இப்போது சுவர் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். உருண்டையின் மேற்பரப்பு 40 சதுர செ.மீ.யிலிருந்து 78-க்கு, அதாவது கிட்டத்தட்ட இருமடங்காக விரிகிறது. ஐந்தரை மில்லிமீட்டர் கனமிருந்த மாவு இரண்டேகால் மில்லிமீட்டராக மெலிகிறது. இதற்குக் கருவி ஏதும் வேண்டாம், எள்ளே அளவுகோல். பொரிக்குமுன் இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்த எள், பொரிந்து வந்தபின் விலகி விலகி நிற்கும். நடுவே பொன்னிறத் தோல் தெரியும். எள் கூடவோ குறையவோ இல்லை, கீழேயிருந்த தரைதான் அகன்றது. இரு மடங்காக விரிந்தும் கிழியாத தன்மை மாவுக்கு எங்கிருந்து வருகிறது என்பதே விளக்கப்படவேண்டிய கேள்வி.

மாவுச்சத்தில் இருவகை மூலக்கூறுகள் உள்ளன. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரவிய மிகப் பெரிய மூலக்கூறு. நாம் சோறாக உண்ணும் அரிசிகளின் மாவுச்சத்தில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம்வரை அமைலோஸ் இருக்கும். பிலிப்பைன்ஸ் மக்கள் மலக்கிட் என்று அழைக்கும் ஒட்டரிசியில் அது 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, மிச்சமெல்லாம் அமைலோபெக்டின். அரிசியின் இந்தக் குணத்தை அளக்க உலகெங்கும் பின்பற்றப்பட்ட எளிய முறை பிலிப்பைன்ஸ் மண்ணிலேயே உருவானது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. 1960-இல் லாஸ் பான்யோஸில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பியன்வெனிடோ ஹூலியானோ, அயோடின் தரும் நிறத்தைக்கொண்டு அமைலோஸ் அளவை மதிப்பிடும் முறையை 1971-இல் வெளியிட்டார். அயோடின் பட்டால் சாதாரண அரிசி கருநீலமாகும், ஒட்டரிசி செம்பழுப்பாகும். இரண்டும் தோற்றத்தில் வேறு, மூலக்கூறில் வேறு, வெந்தபின் நடந்துகொள்வதிலும் வேறு. சாதாரண மாவு வேகும்போது அமைலோஸ் மாவுமணிகளிலிருந்து கசிந்து வெளியேறி, ஆறும்போது ஒன்றோடொன்று இறுகி வலையாகப் பின்னிக்கொள்கிறது. அந்தக் களி கெட்டியாக நிற்கும். இழுத்தால் நீளாது, அறுந்துவிடும். அமைலோபெக்டினுக்கு அப்படிச் சட்டென்று இறுகத் தெரியாது. அதன் கிளைகள் நீரைப் பிடித்தபடி ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. இழுத்தால் மெல்ல வழுக்கி நீள்கின்றன. உள்ளே அழுத்தம் கூடக் கூடப் படலமாக மெலிய இந்தக் குணம்தான் வேண்டும்.

இந்தக் குணம் நெல்லில் ஒரு குறையாகப் பிறந்தது என்பது வியப்பூட்டுகிறது. அமைலோஸை உருவாக்கும் நொதிக்கான மரபணுவில் நேர்ந்த திடீர்மாற்றத்தால் அந்த நொதியின் உற்பத்தி முடங்கியது. ஆய்வாளர்கள் கென்னத் ஓல்சனும், மணிலாவில் பிறந்த மைக்கேல் புருகனனும் பல நாட்டு நெல் வகைகளின் இந்த மரபணுவை ஒப்பிட்டு 2002-இல் 'ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். ஒட்டரிசி ஒரே மூலத்திலிருந்து, பெரும்பாலும் தென்கிழக்காசியாவில், தோன்றியிருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. மணியைப் பார்த்தாலே ஒட்டரிசி சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும். யாரோ ஒரு உழவர் அதைப் பதர் என்று எறியாமல் தனியே விதைத்து வைத்ததால்தான் இந்த அரிசி வழிவழியாக வந்தது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். பூரியும்தானே உப்புகிறது, அதில் ஒட்டரிசியா இருக்கிறது என்று கேட்கலாம். பூரியில் ஆவியைத் தாங்குவது கோதுமையின் புரத வலை. அரிசியில் அப்படிப்பட்ட புரதம் இல்லாததால் அந்த வேலையை மாவுச்சத்தே செய்தாகவேண்டும். செய்யக்கூடியது அமைலோபெக்டின் மிகுந்த மாவுச்சத்து. ஆகவே பூரியின் உதாரணம் இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது: ஆவி இரண்டிலும் ஒன்று, தாங்கும் பொருள் வேறு. இன்னொரு மறுப்பு கனமானது. பல செய்முறைகளில் பேக்கிங் பவுடர் சேர்க்கிறார்களே, உப்பலுக்கு அதுதானே காரணம்? தண்ணீர் விடுமுன் உள்ள உலர்மாவின் எடையில் 1 சதவீதம் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பேக்கிங் பவுடர் தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைக் கரியமில வாயுவாக வெளியிடும். நம் 20 கிராம் பிசைந்த மாவுக்கு அது, சூட்டில் விரிந்த நிலையிலும், 9 அல்லது 10 மில்லிலிட்டர்தான் தேறும். சிறிதும் கசியவில்லை என்று வைத்துக்கொண்டாலும் வேண்டிய 41 மில்லிலிட்டரில் கால் பங்குக்கும் குறைவு. அது பயனற்றது என்று சொல்லவரவில்லை. மாவுக்குள் நுண்ணிய குமிழ்களை முன்கூட்டியே உண்டாக்கிவைத்தால் நீராவி அவற்றுக்குள் எளிதாகச் சேரும். ஆனால் அதே பேக்கிங் பவுடரைச் சாதாரண அரிசி மாவில் போட்டால், வாயு உண்டாகும், சுவர் விரிசல்விடும், வாயு போய்விடும்.

எல்லாம் அடுப்புச் சூட்டில்தான் இருக்கிறது என்பவர்களின் மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் பொரித்துப் பழகியவர்கள். ஒரே மாவு ஒருவர் கையில் உப்புகிறது, இன்னொருவர் கையில் கல்லாகிறது. உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டையும் சுவரின் நடத்தைதான் விளக்குகிறது. ஒட்டரிசி மாவு 60 முதல் 78 டிகிரிக்குள் வெந்து குழையத் தொடங்குகிறது. நீர் இருக்கும்வரை மாவின் உட்பகுதி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். எண்ணெயைத் தொடும் மேற்பரப்பு மட்டும் நீரை இழந்து அதற்கு மேலும் சூடேறி, கண்ணாடிபோல் விறைக்கும். மேல் விறைப்பதற்குள் உள்ளே குழைந்து நீண்டுவிடவேண்டும். 180 டிகிரி எண்ணெயில் உருண்டையைப் போட்டால் நடுப்பகுதி வேகுமுன் ஓடு கட்டிவிடும்; அதன்பின் உள்ளே சேரும் ஆவிக்கு நீட்டுவதற்குச் சுவர் இல்லை, உடைப்பதற்குத்தான் இருக்கிறது. வெடித்துச் சூடான எண்ணெயைத் தெறிக்கவைக்கும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன. மூட்டுவாயைச் சரியாக அழுத்தி மூடாவிட்டாலும் அங்கேதான் முதலில் பிளக்கும். அதனால் 120, 130 டிகிரியில் தொடங்கி, உருண்டை மிதந்து பருக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு சூட்டைக் கூட்டி நிறமேற்றுவது வெறும் எச்சரிக்கை மட்டுமல்ல, சுவர் நீளத் தரும் அவகாசமும் அதுவே. மாவில் ஒரு பகுதியை முன்னதாகவே கொதிநீரில் வேகவைத்து மீதியோடு சேர்த்துப் பிசைவதும் இதற்காகத்தான்: வெந்த பங்கு முதலிலேயே இழுவையைக் கொடுத்துவிடுகிறது. சீனாவின் கான்டன் பகுதிச் சமையலர்கள் கரண்டியின் அடியால் உருண்டையை வாணலியோடு அழுத்தி அழுத்தி விடுவார்கள்; ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சுவர் கொஞ்சம் நீண்டு கொடுக்க, முடிவில் உருண்டை தொடங்கிய அளவைவிடப் பலமடங்கு பெருத்து வரும். கடைசிச் சில நிமிடங்களில் அவசரப்பட்டு எடுத்துவிட்டால் வேறொரு சிக்கல். ஆறும்போது உள்ளேயிருக்கும் ஆவி மறுபடி நீராகிறது, அழுத்தம் சரிகிறது, போதுமான அளவு உலராத சுவர் உள்வாங்கிக் குழிந்துவிடும். உப்பும்போது இளகியிருக்கவேண்டிய சுவர், எடுக்கும்போது விறைத்திருக்கவேண்டும்.

பூரணமும் இந்தச் சுவரை மனத்தில் வைத்துத்தான் கிண்டப்படுகிறது. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்துச் சர்க்கரையோடு கிளறும்போது, பருப்பின் மாவுச்சத்து அதன் செல்லறைகளுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் கூழாகாமல் மணல்மணலாக நிற்கிறது. சட்டியை விட்டு ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறினால்தான் ஈரம் குறையும். ஈரமான பூரணம் உள்ளிருந்து தானும் ஆவியைக் கக்கி மெலிந்த சுவரைக் கிழிக்கும். ஊபே யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. அவர்கள் தேங்காய்ப்பால் விட்டுக் களியாகக் காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்கும் அதே தாவர இனம்தான். அதன் ஊதா நிறம் ஆந்தோசயனின் நிறமிகளால் வருவது. சமையல் சோடா கொஞ்சம் கூடிவிட்டால் ஊதா நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், ஊபே புட்சி செய்பவர்கள் மாவில் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. மேலே ஒட்டிய எள்ளின் மணம் வறுபடும்போது பிறப்பது. அதன் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து பைரசின் போன்ற மணப்பொருள்களைத் தருகின்றன. மெல்லத் தொடங்கும் சூடு எள் கருகாமல் வறுபடவும் இடம்கொடுக்கிறது.

அமைலோபெக்டின் இறுகாதென்றால் மறுநாள் புட்சி ஏன் விறைத்துப்போகிறது என்பது கடைசி மறுப்பு. அமைலோபெக்டினும் இறுகவே செய்யும். அமைலோஸ் சில மணி நேரத்தில் செய்வதை அது நாள்கணக்கில் செய்கிறது, அவ்வளவுதான். குளிர்பெட்டிக்குள் வைத்தால் அந்த வேகம் கூடும். வெளியே மூடிவைத்ததைவிட அங்கே சீக்கிரம் விறைப்பது இதனால்தான். மாவில் சேர்த்த சர்க்கரை அதைச் சற்றுத் தாமதப்படுத்தும். இறுகிய இரண்டையும் மறுபடி சூடாக்கும்போதுதான் வேறுபாடு முழுதாக வெளிப்படுகிறது. அமைலோஸ் கட்டிய படிகங்கள் உருகுவதற்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரமுள்ள மாவு சாதாரண அடுப்பில் அந்தச் சூட்டை எட்டாது. அமைலோபெக்டின் படிகங்களுக்கு 60 டிகிரி வாக்கில் போதும். அதனால் விறைத்த புட்சியை மூடிபோடாத வாணலியில் சிறு தீயில் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினால், சுவர் மீண்டும் இளகி இழுபடும். பூரணத்திலிருந்து ஓட்டுக்கு ஏறியிருந்த ஈரமும் வெளியேறி, எள்ளோடு சேர்ந்த மேல்தோல் மறுபடி மொறுமொறுக்கும்.