செப்டிக் டேங்க்: மூடிக்கு அடியில் ஒரு கெடு

நாற்றம் வீசும் வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தாமதத்தின் விலை கெட்டுப்போன கிணறு. சில சமயம் ஓர் உயிர்.

வீடு கட்டும்போது இந்திய நடுத்தர வர்க்கம் பார்க்காத விஷயமில்லை. வாஸ்து பார்க்கிறது. டைல்ஸின் நிறம் பார்க்கிறது. குடிவந்த பிறகும் அக்கறை குறைவதில்லை. மாடித் தொட்டி கழுவப்படுகிறது, ஏ.சி.க்கு சர்வீஸ் நடக்கிறது, காருக்கு ஆயில் மாற்றப்படுகிறது. ஆனால் சிமெண்ட் மூடி போட்ட நாளோடு நினைவிலிருந்தே அகன்றுவிடும் ஒன்று உண்டு. அது செப்டிக் டேங்க். பல வீடுகளில் அதன் மேல் கார் நிற்கிறது. சில வீடுகளில் மேலே டைல்ஸ் பதித்துவிட்டதால், தொட்டி எங்கே இருக்கிறது என்பது அதைக் கட்டிய மேஸ்திரிக்கு மட்டுமே வெளிச்சம்.

இது ஏதோ கிராமத்துச் சமாச்சாரம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதம் பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்டவை. செப்டிக் டேங்கை நம்பியிருந்தவை 38.2 சதவீதம். அதாவது நகரவாசிகளில் பெரும் பகுதியினரின் கழிவை அகற்றும் பொறுப்பு நகராட்சியிடம் இல்லை, அவர்களுடைய மனைக்குள்ளேயே இருக்கிறது. 2014 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கோடிக்கணக்கான கழிப்பறைகள் கட்டப்பட்ட பிறகு இந்தப் பொறுப்பு கிராமங்களுக்கும் பரவிவிட்டது.

தொட்டியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? இதற்கு பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. செப்டிக் டேங்க் கட்டுவதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470. 1985ல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் முதல் பகுதி, ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பது நல்லது என்கிறது. சிறிய வீட்டுத் தொட்டிகளுக்கு, அளவுக்கு மீறிய ஆட்கள் பயன்படுத்தாத பட்சத்தில், குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை. மத்திய நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் 2013ல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்கிறது. யதார்த்தம் வேறு. 'பத்து வருஷமாச்சு, ஒரு தொந்தரவும் இல்லை' என்று பெருமையோடு சொல்லும் வீட்டுக்காரர்கள்தான் அதிகம்.

தொந்தரவு இல்லை என்பதே தொந்தரவு

அந்தப் பெருமையில் உள்ள ஓட்டையைப் புரிந்துகொள்ள, தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். கழிவு நீர் தொட்டிக்குள் ஒன்றிரண்டு நாள் தேங்கி நிற்கிறது. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கிறது. இடையில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைத் தின்று தீர்க்கின்றன. எல்லாவற்றையும் அல்ல. மிச்சம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது.

கசடு ஏற ஏற நீர் தங்கும் இடம் சுருங்குகிறது. இரண்டு நாள் தங்க வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கலங்கலாகவே வெளியேறுகிறது. வீட்டுக்குள் எந்த அறிகுறியும் தெரியாது. கழிப்பறையில் தண்ணீர் ஒழுங்காகத்தான் போகும். ஆனால் தொட்டி தன் வேலையை நிறுத்தி வெகு நாளாகியிருக்கும். கசடு உறிஞ்சுகுழிக்குள் புகுந்து மண்ணின் துவாரங்களை அடைத்த பிறகுதான் நீர் திரும்புகிறது. அப்போது தொட்டியைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. குழியையும் புதிதாகத் தோண்ட வேண்டும்.

இன்னொரு ரகமும் உண்டு. தொட்டி என்ற பெயரில் அடித்தளமே போடாத வெறும் பள்ளம். 'நிரம்பவே நிரம்பாது' என்று கொத்தனார் உத்தரவாதம் தரும் தொட்டிகளில் பல இந்த ரகம்தான். நிரம்பாததற்குக் காரணம், உள்ளே போவதெல்லாம் நிலத்தடியில் இறங்கிவிடுவது. மற்றொரு ரகத்தில் தொட்டியின் வெளிக்குழாய் நேராகத் தெருவோரத் திறந்த சாக்கடையில் போய் முடிகிறது.

நிலத்தடியில் இறங்குவது எங்கே போகிறது? குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கும் கேரளத்தில், ஐந்து சென்ட் மனையில் இந்த இடைவெளிக்கு எங்கே போவது? சொந்த மனையில் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர் மனைப் பிரிவுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான், கிணற்றுக்குப் பதில் ஆழ்துளைக் கிணறு. கழிவு கலந்த நீரில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் வரலாம். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை.

தாமதம் கொல்லும்

பரிசோதனையைத் தள்ளிப் போடுவதில் இதைவிடக் கொடிய விளைவு ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக் கசடு கூழாக இருக்கும். லாரியின் பம்ப் உறிஞ்சிவிடும். பத்து, பதினைந்து ஆண்டுக் கசடு அடியில் களிமண்ணாக இறுகிவிடும். குழாய்க்கு வராது. அப்போதுதான் அந்த வாக்கியம் வருகிறது: 'ஆள் இறங்கித்தான் எடுக்கணும்.'

இறங்கும் மனிதருக்காகக் காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. இறுகிய கசடைக் கிளறும்போது, அதில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளிவருகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அடுத்த சில மூச்சுகளில் நினைவு போய்விடும். கூடவே தீப்பிடிக்கும் மீத்தேன். பிராணவாயுவோ மிகக் குறைவு. முதலாமவர் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாமவர் இறங்குகிறார், அவரைத் தேடி மூன்றாமவர். டெல்லியிலிருந்து தமிழகம் வரை இந்தச் சாவுகள் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. இறப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள் என்பதும் மாறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7வது பிரிவு, ஆபத்தான முறையில் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய யாரையும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' அமர்த்தக்கூடாது என்கிறது. தடை உள்ளாட்சிக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமல்ல, தனிநபருக்கும்தான். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, ரூ. 5 லட்சம். 'நான் காண்ட்ராக்டரிடம்தான் சொன்னேன்' என்பது வீட்டுக்காரருக்குக் கவசமாகாது.

1993க்குப் பிறகு சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ரூ. 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்த சஃபாய் கரம்சாரி அந்தோலன் அமைப்பின் பெஜவாடா வில்சனுக்கு 2016ல் மகசேசே விருது கிடைத்தது. 2023 அக்டோபரில் நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அடங்கிய பெஞ்ச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை ரூ. 30 லட்சமாக உயர்த்தியது. தொகை மூன்று மடங்காயிற்று. ஆனால் மரணங்கள் நிற்கவில்லை. ஊரில் இயந்திரம் இருந்தும், தொட்டி அதற்கு ஒத்துழைக்காத நிலைக்கு வந்துவிட்டால் என்ன செய்ய முடியும்? அந்த நிலை வராமல் தடுப்பது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

எப்போது திறக்க வேண்டும்?

சாதாரணமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் மூன்று. இவை தவிர, தேதி பார்க்காமல் பரிசோதிக்க வேண்டிய தருணங்கள் உண்டு:

* பழைய வீட்டை வாங்கும் முன். வில்லங்கச் சான்றிதழ் கேட்பது போலத் தொட்டி எங்கே, எத்தனை அறை, வெளிக்குழாய் எங்கே போகிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.
* மாடி கட்டி வாடகைக்கு விடும்போது. ஐந்து பேருக்கு என்று கட்டிய தொட்டியைப் பத்துப் பேர் பயன்படுத்தினால் கெடு பாதியாகிவிடும்.
* மழைக்காலத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு. வெள்ளத்தின்போது எடுப்பது வீண், நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது காலித் தொட்டி விரிசல் விடலாம். பிளாஸ்டிக் தொட்டியானால் மிதந்தே வந்துவிடலாம்.
* வீட்டில் ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் ஒரே சமயத்தில் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது.
* தொட்டியைச் சுற்றி மண் சதசதவென்று இருந்தால், அங்கே மட்டும் புல் பசேலென்று வளர்ந்தால், கிணற்று நீரில் வாடை வந்தால்.
* வீட்டில் திடீரென்று கொசு பெருகினால். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு செப்டிக் டேங்க் பிடித்தமான இடம். காற்றுக் குழாயின் முனையில் கட்டிய வலை கிழிந்திருக்கும்.

என்ன பார்க்க வேண்டும்?

இதை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடாது. கழிவுநீர் லாரி வைத்திருப்பவரோ அனுபவமுள்ள பிளம்பரோ வெளியிலிருந்தே செய்ய வேண்டும். மூடியைத் திறந்ததும் விலகி நிற்க வேண்டும். தலையை உள்ளே நீட்டக்கூடாது. பீடி, தீக்குச்சி கூடவே கூடாது.

முதலில் கசடின் அளவு. நீண்ட கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால், கசடு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று கறை காட்டிவிடும். கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

அடுத்து நீர்மட்டம். அது வெளிக்குழாயின் வாயோடு சமமாக நிற்க வேண்டும். மேலே இருந்தால் குழாயோ உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. கீழே இருந்தால் தொட்டி ஒழுகுகிறது. காலி செய்யும்போது வெளிக்குழாய் வழியாக நீர் திரும்பி வந்தால் உறிஞ்சுகுழி நிரம்பிவிட்டது என்று பொருள். காலியான தொட்டியில் மேலிருந்தே டார்ச் அடித்துச் சுவரில் விரிசல் உண்டா, உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் 'டி' வடிவத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கடைசியாக மூடி. வாயுக்கள் கம்பியைத் துருவாக்கிவிடும். மேலே விளையாடும் குழந்தையோடு மூடி உள்ளே இறங்கிய சம்பவங்கள் உண்டு.

முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொல்ல வேண்டாம். நுண்ணுயிரிகள் மீண்டும் பெருக அடியில் ஒரு அங்குலக் கசடாவது மிஞ்ச வேண்டும். கடையில் விற்கும் பாக்டீரியா பொடிகள் லாரிக்கு மாற்றாகிவிடாது. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை அளவுக்கு மீறிக் கொட்டினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிரிகள் செத்துப்போகும். நாப்கின், டயப்பர், பொரித்த எண்ணெய் இவற்றுக்கும் தொட்டியில் இடமில்லை.

லாரி எங்கே போகிறது?

உறிஞ்சிய கழிவை இரவோடு இரவாக ஏரியிலோ கால்வாயிலோ கொட்டிவிட்டால், உங்கள் தொட்டி காலியானதில் ஊருக்கு லாபமில்லை. கசடைத் தனியாகச் சுத்திகரிக்கும் நிலையம் பெங்களூர் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015ல் வந்தது. 2017ல் மத்திய அரசு இதற்கென்றே தேசியக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு குளிரில் உறையும் லேயிலும், தமிழகத்தின் கருங்குழியிலும் நிலையங்கள் வந்தன. இப்போது நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே லாரிக்காரரிடம் கூலி பேசும்போது, உள்ளாட்சியின் உரிமம் இருக்கிறதா, எந்த நிலையத்தில் கொட்டுவார் என்றும் கேட்டுவிட வேண்டும்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் உள்ள சிறு நகரம் வாய். அங்கே வீட்டுக்காரர் கூப்பிடும் வரை லாரி காத்திருப்பதில்லை. 2018லிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து, வீதி வீதியாக நகராட்சியின் ஏற்பாட்டில் லாரி வருகிறது. செலவு வரியோடு சேர்ந்துவிடுகிறது. சின்னார் நகரமும் அதே வழியில் போனது. மறதிக்கு அங்கே இடமில்லை.

மற்ற ஊர்களில் அந்த முறை வரும் வரை, வீட்டுக்காரரே தனக்கு நகராட்சி. கடைசியாகக் கழிவு எடுத்த மாதத்தையும் ஆண்டையும் தொட்டிக்கு அருகில் சுவரில் பெயிண்டால் எழுதி வைக்கலாம். துப்புரவுப் பணியாளர் பாதுகாப்புக்கான உதவி எண் 14420. லாரியோடு வந்தவர் சட்டையைக் கழற்றி இறங்கத் தயாரானால், அன்று வேலை நடக்காவிட்டாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள், இறங்கவும் விடாதீர்கள். 101 அல்லது 112ஐ அழையுங்கள்.